பதினைந்து லட்சம் ஆண்டுக் கல்லும் கிடைக்காத எலும்பும்: சேலம், நாமக்கல் தொல்மாந்தர் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டின் தொல்பழங்காலம் பற்றிய எழுத்துகளிலும் மேடைப் பேச்சுகளிலும் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுகிறது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் இங்கு வாழ்ந்தனர் என்பது அது. சேலம், நாமக்கல் வட்டாரம் பற்றிய பேச்சில் இதனுடன் ஏற்காட்டுக் கல்கோடரிகளையும் சேர்த்துவிடுவது உண்டு. அந்த எண் உண்மையானது, கோடரிகளும் உண்மையானவை. இரண்டையும் இணைத்துச் சொல்லும் முடிவுதான் பிழையானது. கருவி, எலும்பு, மொழி ஆகியவை தனித்தனிச் சான்றுகள். ஒன்றின் வயதை மற்றொன்றுக்குச் சூட்ட முடியாது.

அந்த எண் வந்த இடம்

இந்த எண் திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்திலிருந்து வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தனர். பின்னர் அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர், மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டு என 2011-இல் அறிவித்தனர். குறைந்தபட்ச வயது 10.7 லட்சம் ஆண்டு. கல் மண்ணுக்குள் புதைந்த பின், விண்கதிர்களால் அதில் உண்டான தனிமங்கள் எவ்வளவு சிதைந்துள்ளன என்று அளந்து இந்த வயது பெறப்பட்டது.

அத்திரம்பாக்கத்தில் விலங்குகளின் பற்களும் காலடித் தடங்களும் கிடைத்தன. கருவிகளைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. ஆகவே அங்கு வயது கணிக்கப்பட்டது கருவிக்குத்தான்.

கருவியிலிருந்து ஆளை அறிதல்

அவற்றைச் செய்தவர் ஹோமோ எரக்டஸ் இனத்தவராக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. கென்யாவின் துர்க்கானா ஏரிப் பகுதியில் 1984-இல் கிடைத்த சிறுவனின் எலும்புக்கூடு ஏறத்தாழ இதே காலத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் இவ்வகைக் கைக்கோடரிகளின் காலத்தில் அந்த இனம் வாழ்ந்ததற்கு எலும்புச் சான்று உண்டு. அங்குள்ள எலும்பைக் கொண்டு இங்குள்ள கல்லை விளக்குகிறோம். இது நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான்.

நம் இனமான ஹோமோ சேப்பியன்சின் மிகப் பழைய புதைபடிவங்கள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூடில் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு. அதாவது அத்திரம்பாக்கத்தின் முதல் கருவிகள் செய்யப்பட்டபோது இன்றைய மனித இனமே தோன்றியிருக்கவில்லை. அவற்றைச் செய்தவரைத் தமிழர் என்றோ வேறு எந்த இன்றைய மக்களின் பெயராலோ அழைப்பதற்கு இடமில்லை.

எலும்பு கிடைத்தாலும் விவாதம் உடனே முடிந்துவிடுவதில்லை. 1982 டிசம்பர் 5 அன்று நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டை அவர் ஹோமோ எரக்டஸ் வகையில் சேர்த்தார். வேறு சிலர் அதைத் தொன்மையான சேப்பியன்ஸ் என்றனர். விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையத்தில் கிடைத்த குழந்தை மண்டையோடு 2003-இல் புதைபடிவமாக அறிவிக்கப்பட்டது. அதன் தொன்மையையும் ஆய்வாளர் அனைவரும் ஏற்கவில்லை.

சேலம், நாமக்கல் நிலம்

இறந்த உடல் விரைவில் வண்டலால் மூடப்பட வேண்டும். அந்த வண்டல் கரையாமலும் அரிக்கப்படாமலும் நீண்ட காலம் நிலைக்க வேண்டும். அப்போதுதான் எலும்பு புதைபடிவமாகும். சேலம், நாமக்கல் பகுதியின் அடித்தளம் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகள். பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நாமக்கல் கோட்டை நிற்கும் பெரும்பாறை போன்றவற்றில் புதைபடிவத்தைத் தேடிப் பயனில்லை. கிழக்கே அரியலூரில் கடல் உயிரிகளின் படிவங்கள் ஏராளமாகக் கிடைப்பதற்குக் காரணம், அங்கு பழங்காலக் கடல் படியவைத்த அடுக்குகள் இருப்பதே.

இங்கு பாறைமேல் உள்ள மண் பல இடங்களில் மெல்லிய செம்மண். அதில் எலும்பு நெடுங்காலம் தங்குவது கடினம். எனவே எலும்பு கிடைக்காததை வைத்து இங்கு தொல்மாந்தர் வாழவில்லை என்று முடிவு செய்வதும் தவறு. மிகைக் கூற்றும் மறுப்பும் இந்த இடத்தில் ஒரே பிழையைச் செய்கின்றன. நிலம் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று இரண்டுமே கேட்பதில்லை.

ஏற்காட்டுக் கோடரிகள்

ஃபூட் தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார். சேர்வராயன் மலையில் கிடைத்த தேய்த்து வழவழப்பாக்கிய கல்கோடரிகளும் அவர் தொகுப்பில் உள்ளன. 1904-இல் சென்னை அருங்காட்சியகம் அத்தொகுப்பை வாங்கியது. அவர் 1912-இல் இறந்த பிறகே அதன் விளக்கப் பட்டியல் நூலாக வெளிவந்தது.

கற்களைச் செய்முறையைப் பார்த்துப் பழைய கற்காலம், புதிய கற்காலம் எனப் பிரித்தது ஃபூட்டின் பெரும் பங்களிப்பு. ஏற்காட்டுக் கோடரிகள் புதிய கற்காலத்தவை. சில ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. நம்மைப் போன்ற மனிதர் செய்தவை. அவற்றை அத்திரம்பாக்கத்துடன் ஒரே மூச்சில் சொல்பவர்கள், ஃபூட் கவனமாகப் பிரித்துவைத்ததை மீண்டும் கலந்துவிடுகின்றனர். ஒரு குறையும் உண்டு. அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி நிலத்தின் மேற்பரப்பில் கிடைத்தவை. மண்ணடுக்கு தெரியாததால் அவற்றுக்குத் துல்லியமான வயது சொல்வது கடினம். பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மயிலாடும்பாறையில் முறையான அகழாய்வு நடந்ததால்தான், அங்கு இரும்பின் பயன்பாடு பொ.மு. 2172 அளவில் இருந்தது என்று 2022-இல் கூற முடிந்தது.

மதிப்பீடு

ஃபூட் காலத்திலேயே எலும்பின் தேவை உணரப்பட்டிருந்தது. 1880-களில் அவரும் அவர் மகன் ஹென்றியும் கர்னூலின் சுண்ணாம்புக் குகைகளை ஆராய்ந்தனர். இலங்கையின் பாகியங்கல குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித எலும்புகள் கிடைத்துள்ளன. அந்தக் குகை நைஸ் பாறையில் அமைந்தது. ஆகவே சேர்வராயன், கொல்லிமலைப் பாறை ஒதுக்குகளும், திருமணிமுத்தாறு, காவிரிக் கரைகளின் பழைய வண்டலும் கவனத்துக்குரியவை. இவற்றைத் தேடுவதற்குள் கல் குவாரியும் மணல் அள்ளுதலும் அழித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

15 லட்சம் ஆண்டுப் பெருமையை ஏற்கெனவே பெற்றுவிட்டதாக நம்பும் ஊர், தன் நிலத்தில் தேட வேண்டியதைத் தேடாது. இக்கூற்றின் உண்மையான கேடு அதுவே. தொன்மை பற்றிய எந்தச் செய்தியைப் படிக்கும் மாணவரும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: கிடைத்தது கல்லா எலும்பா? எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? வயது எம்முறையில் கணிக்கப்பட்டது? கணிக்கப்பட்ட வயது எதனுடையது?