மருத்துவம் பயில்வோர் படிக்கத் தகும் இரு நூல்கள்

மருத்துவமோ தாதித் தொழிலோ பயிலப் புகும் நம் இளைஞரிற் பெரும்பாலோர் பாடநூல்களுக்கு அப்பால் ஒன்றையும் தொடுவதில்லை. பட்டம் பெறுதற்கு அது போதும். பிணியாளரை அறிதற்குப் போதாது. ஆதலின், அவர்கள் படிக்கத்தக்க பழைய நூல்கள் இரண்டினை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1911-இல் வெளியிட்டு 1921-இல் விரித்தெழுதிய, மலாய் நாட்டு மலேரியாத் தடுப்பைப் பற்றிய ஆங்கில நூல். அவர் 1901-இல் கிள்ளானுக்கு வந்தபோது, நகரையும் அவ்வாண்டே திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் காய்ச்சல் சூறையாடிற்று. சதுப்பை வடித்தார், காட்டை வெட்டுவித்தார், காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ காடு வெட்டியபின் அது பெருகிற்று! ஏன்? சமவெளிக் கொசு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. மலைக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடையில் வளர்வது. முனியின் கோபமென்று நம்மவர் கோழியறுத்த காய்ச்சலுக்கு, அவர் கொசுவின் இனமறிந்து பரிகாரம் தேடினார். ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து நஞ்சாகலாம் என்னும் இப்பாடம் ஒன்றே நூலின் விலைக்கு ஈடாகும்.

நிற்க, இதன் குறையும் சிறிதன்று. அட்டவணைதோறும் இறந்தோர் தொகை நிற்கின்றது. அவருட் பலர் கப்பலேறி வந்த நம் முன்னோர். அவர்க்குப் பெயரில்லை, பேச்சில்லை. தொழிலாளியின் நலம் தோட்டத்தின் வரவுசெலவோடு சேர்த்தே எண்ணப்பட்டது. எண்களுக்குப் பின் நின்ற மனிதரைக் காணுதல் படிப்போர் கடமையாகும்.

இரண்டாவது நூல் அம்மனிதரோடு பேச முயன்றது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1872-இல் வெளிவந்தது ‘மனுஷ அங்காதிபாதம்’. அவர்தம் மதநோக்கம் நமக்கு உடன்பாடன்று. வடசொல் மலிந்த அந்நடையும் இன்றைக்கு உதவாது. எனினும், உடம்பின் எலும்பையும் நரம்பையும் தமிழில் விளக்கலாம் என்று காட்டிய துணிவு போற்றத்தக்கது.

இன்றும் தோட்டத்துப் பாட்டி ‘இனிப்புநீர்’ என்றே தன் நோயைச் சொல்கின்றாள். மருத்துவமனையிற் கேட்ட பிறமொழிச் சொல் விளங்காமல் தலையசைத்து வீடு திரும்புகின்றாள். மருந்தைத் தவறாக உண்கின்றாள். அவளுக்கு அவள் மொழியில் எடுத்துரைக்க நம் பிள்ளைகளன்றி வேறு யார் உளர்?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் சங்கங்கள், இவ்விரு நூல்களையும் மாணவர் கூடிப் படிக்க வழிசெய்க. பட்டத்தை மட்டும் நாடுவோர் பெருகினால் வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைக்கும். சமூகத்துக்கு மருத்துவர் கிடையார்.