ஆண்டுப் பட்டியலில் இடம்பெறாத அரிக்கமேடு: கி.பி. 79 குறித்த மதிப்பீடு

பண்டைய உலகின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று பட்டியலிடுவது இணையக் கலைக்களஞ்சியங்களின் வழக்கம். தமிழில் காணப்படும் இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் பிறமொழிப் பட்டியல்களைத் தழுவியவை. கி.பி. 79ஆம் ஆண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவற்றின் பயனையும் குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டியல் சொல்வது

கி.பி. 79 ஜூன் மாதத்தில் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் இறந்தார். அவர் மகன் டைட்டஸ் அரியணை ஏறினார். அதே ஆண்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி, ஹெர்குலேனியம் ஆகிய நகரங்களைப் புதைத்தது. இயற்கை வரலாறு என்ற பெருநூலை எழுதிய மூத்த பிளினி அப்பேரழிவில் உயிரிழந்தார். சீனாவில் ஹான் பேரரசர் ஜாங், கன்பூசிய நூல்களின் பொருளைத் தெளிவுபடுத்த வெள்ளைப்புலி மண்டபத்தில் அறிஞர்களைக் கூட்டினார்.

இவை யாவும் நினைவில் கொள்ளத்தக்கவை. காலத்தை வரிசைப்படுத்திக்கொள்ள மாணவருக்கு இப்பட்டியல் உதவுகிறது. ஆனால் தமிழகத்தைத் தேடினால் அங்கே ஒரு வரியும் இருப்பதில்லை. அன்று இங்கே எதுவும் நடக்கவில்லை என்றே இளம் வாசகர் எண்ணிக்கொள்வார்.

வெற்றிடம் ஏன்?

ரோமர் ஒவ்வோர் ஆண்டையும் அவ்வாண்டின் கான்சல்களது பெயரால் குறித்தனர். சீன அரசவை ஆட்சியாண்டுகளால் குறித்தது. அந்தக் குறிப்புகள் நூல்கள் வழியாக நிலைத்ததால், பிற்காலத்தார் அவற்றைக் கிறித்தவ ஆண்டுக்கு மாற்ற முடிந்தது. தமிழகத்திலும் எழுத்து இருந்தது. புகளூர், ஜம்பை ஆகிய இடங்களின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் மன்னர் பெயரையும் கொடையையும் சொல்கின்றன, ஆண்டைச் சொல்வதில்லை. ஆகவே பட்டியலில் உள்ள வெற்றிடம் ஆண்டுக் குறிப்பு இல்லாததன் விளைவே. வரலாறு இல்லை என்பது அதன் பொருளன்று.

அரிக்கமேடு காட்டும் வழி

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அபிஷேகப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெட்சோ பகுதியோடு தொடர்புடைய அரிட்டைன் வகைச் செந்நிற மட்பாண்டங்களும், மது முதலியவற்றைக் கொண்டுவந்த ஆம்போராச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அரிட்டைன் கலங்கள் செய்யப்பட்ட காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. அதைக்கொண்டு, உடன் கிடைத்த உள்ளூர் மட்பாண்டங்களுக்கும் அவர் காலம் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய திருப்பம்.

ஆனால் ரோமானியப் பொருளை அளவுகோலாகக் கொண்டதால், ஊரின் சிறப்பே ரோமர் வருகையோடுதான் தொடங்கியது என்ற எண்ணம் பரவியது. பின்னர் ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் செய்த அகழாய்வுகள் அந்த எண்ணத்தைத் திருத்தின. ரோமானியப் பொருள்கள் வந்துசேர்வதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்தனர். ஆண்டுப் பட்டியல் செய்யும் பிழையும் இதே வகையானது: அளக்க முடிந்ததை மட்டுமே நடந்ததாகக் கொள்கிறது.

நிரப்புவதிலும் பிழை

வெற்றிடத்தை நிரப்பச் சிலர் சங்க கால மன்னர்களுக்குத் துல்லியமான ஆண்டுகளைத் தந்துவிடுகின்றனர். அது முதல் பிழையைவிடத் தீங்கானது. சிலப்பதிகாரம் சுட்டும் கயவாகுவை இலங்கையின் கஜபாகுவாகக் கொண்டே சேரன் செங்குட்டுவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வைக்கின்றனர். அது ஒரு கருதுகோள். அதிலிருந்து தனி ஆண்டு எதையும் பெற முடியாது. வெசுவியஸ் வெடித்த நாள்கூட இன்னும் விவாதத்தில் உள்ளது. நூற்படிகள் வழியாக ஆகஸ்டு 24 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2018இல் பொம்பெயியில் அக்டோபர் 17க்குரிய தேதியுடன் ஒரு கரி எழுத்து கண்டறியப்பட்டபின், பலர் இலையுதிர்காலத்தையே ஏற்கின்றனர். பெரிதும் ஆராயப்பட்ட நிகழ்வுக்கே இந்நிலை என்றால், ஆதாரமற்ற ஆண்டுகளை எப்படி நம்புவது?

சேர்க்கத்தக்கவை

பொய் சொல்லாமலும் பட்டியலை நிறைவாக்கலாம். கி.பி. 79க்கு மட்டும் மூன்று குறிப்புகள் சேர்க்கலாம்.

முதலாவது, 1938இல் பொம்பெயியில் கிடைத்த, இந்தியாவில் செய்யப்பட்ட தந்தச் சிற்பம். பொம்பெயி லட்சுமி என்று அழைக்கப்பட்டாலும், அது யட்சியாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. அது 79க்கு முன்பே செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. எரிமலைச் சாம்பலே அதற்குச் சான்று.

இரண்டாவது, இறந்த பிளினியின் நூல். முசிறியையும் பாண்டிய மன்னனையும் குறிப்பிடும் அந்நூல், இந்தியா ஆண்டுதோறும் பேரரசின் பணத்தில் 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகிறது என்று குறைபடுகிறது. பிளினியின் இறப்பைச் சொல்லிவிட்டு இதை விடுவது தமிழ் வாசகருக்கு உரியதை மறைப்பதாகும்.

மூன்றாவது, நாட்காட்டி. பட்டியல்கள் ரோம நகரக் கணக்கில் இது 832ஆம் ஆண்டு என்று எழுதுகின்றன. 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு பின்பற்றும் தேசிய நாட்காட்டியின்படி பின்னோக்கி எண்ணினால், சக ஆண்டு 1 தொடங்குவது கி.பி. 79 மார்ச்சில்தான்.

அரிக்கமேட்டை மட்டும் 79 என்ற எண்ணுக்குள் அடைக்கக் கூடாது. "கி.பி. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பகுதிப் பொருள்கள் இங்கே வந்திறங்கின" என்று ஒரு கால இடைவெளியாகவே எழுத வேண்டும். ஆண்டு தெரிந்ததை ஆண்டாகவும், நூற்றாண்டு மட்டும் தெரிந்ததை நூற்றாண்டாகவும் பதிவதே நேர்மை. அவ்வாறு எழுதப்பட்ட பக்கத்தைப் படிக்கும் அபிஷேகப்பாக்கத்து மாணவர் வெசுவியஸை மனப்பாடம் செய்வதோடு நிற்கமாட்டார். தம் ஊருக்கு அருகிலுள்ள மேட்டுக்கும் அந்தக் காலத்துக்கும் உள்ள தொடர்பையும் அறிவார்.