எரிந்த அரங்கும் எஞ்சிய பெயரும்

மிஸ்ரு நாடு செல்லும் நம்மவருள் கலையார்வம் கொண்டோர், கெய்ரோவின் இசை நாடக அரங்கையும் காண விழைவர். அவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். நைல் நதியின் ஜஸீரா தீவில், ஜப்பானின் உதவியுடன் 1988இல் திறக்கப்பெற்ற இன்றைய அரங்கிற்குச் செல்லுமுன், நகரின் ஒபேரா சதுக்கத்தில் சற்றே நில்லுங்கள். சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவையொட்டி, 1869இல் கெதீவ் இஸ்மாயீல் விரைந்து எழுப்பிய பழைய அரங்கு அங்கேதான் இருந்தது. பெரும்பாலும் மரத்தாலான அது, 1971 அக்டோபரில் தீக்கிரையாயிற்று. பின்னர் அவ்விடத்தில் வாகனங்கள் நிறுத்தும் அடுக்குக் கட்டடம் எழுந்தது. சதுக்கத்தின் பெயர் மட்டுமே எஞ்சியது.

வெர்டியின் 'ஆயிதா' 1871 டிசம்பரில் அம்மேடையில்தான் அரங்கேறிற்று. அதன் இசை மேன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கதைக்களம் ஃபிர்அவ்ன்கள் ஆண்ட மிஸ்ரு. பாடிய மொழியோ இத்தாலியம். தம் மண்ணின் பெயரால் பாடப்பட்டதை அம்மண்ணின் மக்களுள் எத்தனை பேர் விளங்கிக்கொண்டிருப்பர்? ஐரோப்பா மெச்ச வேண்டுமென்று கடன் வாங்கிச் செலவிட்ட இஸ்மாயீல், 1879இல் பதவியும் இழந்தார்.

இன்றைய அரங்கில் மேலை இசையோடு அரபு இசையும் ஒலிக்கிறது. ஆகவே, அன்பர்களே, அரபு இசை நிகழ்ச்சி நடைபெறும் நாளைக் கேட்டறிந்து அன்றே செல்லுங்கள். பழைய அரங்கேற்றத்தின் குறை எதுவென்பது அப்போது தானே விளங்கும்.