அகத்தாரும் புறத்தாரும்

ஜப்பானிய மொழியில் 'உச்சி' என்றால் உள். 'சோத்தோ' என்றால் வெளி. வீடு, ஊர், பணியிடம் என எங்கும் இவர் நம்மவர், இவர் அயலார் என்று பிரித்தறிந்தே அம்மக்கள் பேச்சிலும் மரியாதையிலும் ஒழுகுவர். மனைவியைக் குறிக்கும் 'கனாய்' என்னும் சொல்லுக்கே 'வீட்டினுள்' என்பது பொருள். நம் 'இல்லாள்' நினைவுக்கு வருகிறாள் அல்லவா? எனவே, உள்ளே இடம் பெறுவோர் யார் என்னும் வினா, ஆண் பெண் கடமைகளைப் பற்றிய வினாவும் ஆகிறது. இரு நாவல்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கோபோ அபே 1962இல் வெளியிட்ட 'மணற்பெண்' நாவலின் கதைத்தலைவன் ஒரு பள்ளி ஆசிரியன். பூச்சிகளைத் தேடி மணற்குன்றுகளுக்குச் சென்றவனை ஊரார் ஒரு குழியின் அடியிலுள்ள வீட்டில் இரவு தங்கச் செய்கின்றனர். விடிந்ததும் கயிற்றேணியைக் காணோம்! கணவனை இழந்த பெண்ணொருத்தி அங்கே இரவுதோறும் மணலை வாரிக்கொண்டிருக்கிறாள். அயலானை ஊரான் ஆக்க ஊரார் கண்ட வழி, அவனை அவளுக்குத் துணையாக்குவதே. இறுதியில் ஏணி இருந்தும் அவன் ஏறிப் போகவில்லை. அவன் உள்ளத்தை நுணுகிக் காட்டும் நூலாசிரியர், அவளுக்கு ஒரு பெயர்கூட இடவில்லை. அவள் சொற்களும் அவன் செவி வழியாகவே நம்மை அடைகின்றன. சிறந்த நூலில் இஃதொரு குறையே.

சயாகா முராத்தாவின் 'கொன்பினி நிங்கென்' 2016இல் அக்குத்தாகாவா பரிசு பெற்றது. இதில் பெண்ணே தன் கதையைக் கூறுகிறாள். 36 வயதுடைய கெய்கோ, இரவும் பகலும் மூடாத சிறு கடையொன்றில் 18 ஆண்டுகளாகப் பகுதிநேர ஊழியம் செய்பவள். கடைக்குள் அவள் குறையற்ற ஊழியர். வெளியிலோ, மணமாகாத அவளைத் தங்கையும் தோழியரும் நோயாளிபோல் நோக்குகின்றனர். வேலையற்ற ஷிராஹா என்பவனை அவள் தன் வீட்டில் தங்கவைத்ததும் நிலைமை மாறுகிறது. அவன் குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு அவள் உழைப்பில் உண்பவன். அதனால் என்ன? ஆண் ஒருவன் வந்துவிட்டான். அவளும் நம்மவள் ஆகிவிட்டாள்!

பொருளீட்டாத ஆண் என்பதால் ஷிராஹாவும் புறத்தே தள்ளப்பட்டவனே. ஆயினும், தன்னைத் தள்ளிய அதே அளவுகோலால் கெய்கோவை அளந்து இழிக்கிறான். தள்ளப்பட்டோர் தாமே ஒன்றுபடுவர் என்னும் எளிய நம்பிக்கையை முராத்தா இங்கே உடைத்துவிடுகிறார். நூலின் உயிர்நிலை இதுவே.

முடிவில் கெய்கோ அவனை விலக்கிக் கடைப்பணிக்கே மீளத் துணிகிறாள். கடைக்கு அடிமையானாளே எனச் சிலர் வருந்தலாம். அவ்வருத்தத்தில் நியாயமுண்டு. கையேட்டைப் பார்த்துச் சிரிக்கும் வாழ்வை விடுதலை என்று நானும் கூறேன். ஆனால், தனக்குரிய இடம் எது என்பதை அவள் தன் வாயாலேயே சொல்கிறாள். மணற்குழிப் பெண்ணுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆசிரிய அன்பர்கள் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தல் நலம்.