துறைமுகமும் பொதுவெளியும்: திருகோணமலை இலக்கியம் பற்றிச் சில குறிப்புகள்

திருகோணமலையைப் பற்றி எழுதுவோர் அதன் துறைமுகத்தின் ஆழத்தையும், அங்கு மூவினத்தாரும் கூடி வாழும் சிறப்பையும் ஒரே மூச்சிற் கூறி மகிழ்வது வழக்கம். கடலுக்குத் திறந்த நகரம் மனிதருக்கும் திறந்ததாகவே இருக்கும் என்ற எண்ணம் இதன் அடியில் உள்ளது. இலக்கியத்தைச் சான்றாகக் கொண்டு நோக்குமிடத்து இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதே நமது வினா.

முதலில் இதற்குச் சாதகமான சான்று. 1891இல் வெளிவந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பிய வீரக்கதையொன்றின் தழுவல். 1895இல் வெளிவந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுவது. இருவரும் திருகோணமலையார். தமிழ் நாவல் தவழத் தொடங்கியிருந்த அவ்வேளையில், யாழ்ப்பாணத்துப் பண்டித மரபின் பிடி தளர்ந்திருந்த ஒரு சிறு துறைமுக நகரம் இப்புதிய வடிவத்தை நோக்கிக் கைநீட்டியது தற்செயலன்று. சம்பள உழைப்பும் மிஷன் பள்ளிகளும் பிறநாட்டார் வரவும் அதற்கான களத்தை அமைத்தன எனலாம்.

ஆயின் சரவணமுத்துப்பிள்ளை சென்னையிற் கற்று, அங்கேயே பணிபுரிந்து, அங்கேயே தம் நாவலை வெளியிட்டார். அதன் கதைக்களமும் நாயக்கர் காலத் தமிழகமே. எழுத்தாளனைத் தோற்றுவித்த நகரம் அவனைத் தன்னிடத்தே இருத்திக்கொள்ளவில்லை. துறைமுகம் யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தருக்குப் பின் 1795இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. 1957இல் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது கொடி மாறியது, வாயிற்காவல் மாறவில்லை. இன்றும் கோணேசரை வழிபடச் செல்வோர் படையினர் நிலைகொண்ட கோட்டையினூடாகவே செல்லவேண்டும். பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்கள் பற்றி 2003இலும் 2022இலும் செய்யப்பட்ட ஒப்பந்தங்களோ இத்துறைமுகம் மூலதனத்துக்கு எவ்வளவு எளிதிற் திறக்கும் என்பதைக் காட்டுவன.

காலனித்துவத்துக்கு முந்திய காலத்தைப் பொற்காலமாகக் காண்போரும் உளர். அவர்கள் 'கோணேசர் கல்வெட்டை' மீளப் படித்தல் நன்று. குளக்கோட்டன் சோழநாடு, மதுரை முதலிய இடங்களிலிருந்து குடிகளை வருவித்து இருத்தியதாக அது கூறும். வந்தோர்க்கு இடம் உண்டு. ஆனால் கோயில் தொழும்பு ஒவ்வொரு குடிக்கும் வகுத்தே கொடுக்கப்பட்டது. இந்நூலைக் கோயில் வரலாறாக மட்டுமே வாசிக்கும் நமது ஆய்வாளர், அதிற் பதிந்துள்ள உழைப்புப் பிரிவினையைக் கண்டும் காணாதவராய்ச் செல்கின்றனர்.

இப்பிரச்சினையின் மையத்தைத் தொட்டவர், குடாவின் மறுகரையிலுள்ள மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் என்பது நம் கருத்து. 1962இல் வெளிவந்த 'தோணி' தொகுதியின் தலைப்புக் கதையில், ஏழை மீனவக் குடும்பத்து இளைஞன் சொந்தமாக ஒரு தோணிக்கு ஏங்குகிறான். அவ்வேக்கத்தை இளமைக் கனவாக மட்டும் கொள்ளும் வாசிப்பு போதாது. கடல் எல்லார்க்கும் பொது. அதிற் செல்லும் தோணியோ உடைமையாளனுக்கு உரியது. உற்பத்திச் சாதனம் கையில் இல்லாதவனுக்கு விரிந்த கடலும் அடைத்த கதவே. ஒரு வாதமும் செய்யாமல் கதை இதனை உணர்த்திவிடுகிறது. இராசரத்தினத்தை வெறும் மண்வாசனை எழுத்தாளர் எனப் பாராட்டி ஒதுக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

நகரவாசி தன் ஊர்மீது கொள்ளும் பற்று, கூலியையும் குடியிருப்பையும் போலவே, மாலையில் அச்சமின்றி அமரக்கூடிய பொது இடத்தையும் பொறுத்தது. திருகோணமலைக்கு அவ்விடம் கடற்கரை. 2005 மே மாதத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டது, கர்த்தால் நடந்தது, சிலையைச் சுற்றிப் படைக்காவல் வந்தது. 2006 சனவரி 2ஆம் திகதி மாலை கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் 2019இல் விடுவிக்கப்பட்டனர். இவற்றின் பின் 'மூவினமும் கூடிவாழும் நகரம்' என்ற தொடரை முன்போற் கூசாமல் எழுதுவது இயலாது.

பேரினவாதத்தைச் சாடுவதோடு நமது கடமை முடிவதுமில்லை. 2018இல் நகரின் தமிழ்ப் பெண்கள் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமைக்கு எதிராகத் தமிழர் சிலர் வீதியில் நின்று ஆர்ப்பாட்டம் செய்தனர். பண்பாட்டைக் காப்பது என்பதே அவர்கள் கூறிய நியாயம். பொதுவெளியைப் பெரும்பான்மையினரின் சின்னத்தால் நிரப்புவோர் கூறும் நியாயமும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்ணின் சுதந்திரத்தைப் பாடுபொருளாக்கிய 'தத்தைவிடு தூது' என்னும் நூலை இயற்றியவர், மேலே குறிப்பிட்ட அதே சரவணமுத்துப்பிள்ளை.