சான்றிதழ் கேட்கும் வாசல்

1994 ஜனவரி முதலாம் திகதி வரைக்கும் கியூபெக்கில் பெரும்பாலானவர்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுதான் பிறப்புப் பதிவேடு. குழந்தையின் தலையில் தண்ணீர் வார்த்த குருவானவரே அரசாங்கத்தின் பதிவாளர். அப்படிப் பதியப்பட்டவர்கள் பலரோடு மொன்றியலில் நான் வேலை செய்கிறேன். செத்த வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் தவிர அவர்கள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. கோபம் வந்தால் மட்டும் வாயில் திருச்சபை வந்துவிடும்: நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், ஞானஸ்நானம் எல்லாம் கியூபெக் பிரெஞ்சில் வசைச்சொற்கள். 1960களின் அமைதிப் புரட்சியோடு ஒரு சமூகம் கோயிலிலிருந்து எழுந்து வெளியே போனது. பதிவேடுகள் அப்படியே இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தாருக்கு இது கேட்ட கதைதான். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தபின், ஞானஸ்நானம் பெறாதவருக்கு உத்தியோகம் இல்லை என்றானது. கலியாணப் பதிவும் அதோடு ஒட்டிய முதுசச் சிக்கல்களும் பள்ளிக்கூடத் தோம்பு வழியாகவே போயின. சனம் போய்த் தலையைக் கொடுத்தது. வீட்டிலே விரதம் இருந்தது. சாப்பிட்ட இலையை வெளியே எறிந்தால் பிடிபடுவோம் என்று கூரை இறப்பில் செருகி வைத்தது என்று எங்கள் ஊர்களில் இன்றும் சொல்வார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்தப் போதகர் பல்டேயஸ் 1672இல் வெளியிட்ட பெரும் புத்தகத்தில் ஊர் ஊராகக் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் எழுதிவைத்தார். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தக் கோயில்கள் வெறுமையாகின.

தண்ணீர் விசுவாசத்துக்கு அத்தாட்சி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வேதாகமமே அதைச் சொல்லிவிட்டது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் மாயவித்தைக்கார சீமோன் ஞானஸ்நானம் பெற்றவன். அவன் இருதயம் செம்மையாக இல்லை என்று பேதுரு முகத்துக்கு நேரே சொல்கிறார். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஞானஸ்நானம் இல்லை, பரதீசு கிடைக்கிறது.

என் முறைப்பாடு வேறு. இந்த ஒல்லாந்தக் கதையை வைத்துக்கொண்டு எங்கள் இலக்கிய வரலாற்றுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதையும் வாசித்துவிடுகிறார்கள். கிறிஸ்தவரானவர் உத்தியோகத்துக்காக ஆனார். சைவத்துக்குத் திரும்பியவர் உண்மையாகத் திரும்பினார். கிறிஸ்தவப் பக்கத்து வரலாறு இதே கணக்கைத் தலைகீழாகப் போடும். இரண்டு பக்கமும் ஒருவரின் உள்ளத்தைத் திகதியிட்டு முத்திரை குத்திவிட்டு, அதன்பிறகுதான் அவர் எழுதியதைத் திறக்கின்றன.

1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் ஒல்லாந்தரின் பிழையை விடக்கூடாது என்றுதான் தொடங்கினார்கள். அவர்களுடைய பின்னணி நியூ இங்கிலாந்து. அங்கே யொனதன் எட்வர்ட்ஸ், உள்ளம் திரும்பியதை நம்பத்தக்கவாறு அறிக்கையிடாதவருக்குத் திருவிருந்து இல்லை என்று நின்று, 1750இல் தன் சபையாலேயே வெளியேற்றப்பட்டார். இத்தனைக்கும் 1746இல் வந்த அவருடைய நூல், உண்மையான பக்திக்குப் பன்னிரண்டு அடையாளங்களைச் சொன்னாலும், அவற்றைக் கொண்டு இன்னொருவரின் நெஞ்சைத் திட்டமாக அளக்கலாம் என்று சொல்லவில்லை. அந்த அடக்கம் அவரைப் பின்பற்றியவர்களிடம் எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு விசயம்.

1823இல் டானியல் பூர் அதிபராக இருந்து தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி வானசாஸ்திரமும் கணிதமும் படிப்பித்தது. பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்களை மாணவர்களுக்கு வைத்தது: கரோல், ஆர்னல்ட், நெவின்ஸ். மனந்திரும்பிய கதையைச் சொன்னால்தான் சபை சேர்த்துக்கொள்ளும் என்றால், கிரகணம் கணிக்கத் தெரிந்த பொடியனுக்கு அந்தக் கதையின் அமைப்புப் பிடிபட எவ்வளவு நேரம்? உள்ளத்துக்கு வைத்த சோதனையும் ஒரு பாடமாகிவிடும். கடைசியில் 1855இல் றூபஸ் அன்டர்சன் வந்து பார்த்தார். ஆங்கிலமும் உத்தியோகமும்தான் மாணவரை இழுக்கின்றன என்ற முடிவோடு செமினரி மூடப்பட்டது. சைவர்கள் வெளியே நின்று சொன்னதை மிசன் உள்ளே இருந்து சொன்னது!

இந்த இடத்தில் ஜோன் பனியனை நினைக்காமல் இருக்க முடியாது. 1678இல் வந்த அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பழக்கமான புத்தகம். கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் அதிலிருந்து பிறந்ததுதான். வெளிவேசத்தின்மேல் அவ்வளவு கோபம் கொண்ட இன்னொரு கதை கிடைப்பது கடினம். வாயாடி வருகிறான், சடங்குக்காரன் வருகிறான், மாயக்காரன் வருகிறான். கடைசியில் அறிவீனன். மற்றவர்கள் தவித்துக் கடக்கும் ஆற்றை ஓடக்காரன் உதவியோடு சுகமாகக் கடந்து, மோட்ச வாசலில் தட்டுகிறான். சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். மடியைத் துழாவுகிறான், இல்லை. கையும் காலும் கட்டி நரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

பனியனின் கட்டமைப்பு உடைகிற இடம் இதுதான் என்பது என் வாசிப்பு. வழியில் அறிவீனன் தன் இருதயம் தனக்குச் சாட்சி சொல்கிறது என்கிறான். இருதயத்தை நம்பாதே என்று கிறிஸ்தியான் மறுக்கிறான். சரி, இருதயம் சாட்சி அல்ல. அப்படியானால் வாசலில் எது செல்லும்? ஒரு சுருள். வெளிச்சடங்குக்கு எதிராகப் புத்தகம் முழுவதும் வாதாடியவருக்கு, உள்ளத்தைக் காட்ட முத்திரையிட்ட ஓர் ஆவணத்தைவிட வேறு உருவகம் அகப்படவில்லை. என் தொழில் கணினிப் பாதுகாப்பு. எங்கள் உலகத்திலும் சான்றிதழ் உண்டு. இன்னார் இன்னாருக்கு வழங்கினார் என்பதைத்தான் அது சொல்லும். வைத்திருப்பவர் நேர்மையானவரா என்று சொல்லாது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. கனடாவின் அகதிச் சபைக்கு இந்த மொன்றியலிலும் அலுவலகம் இருக்கிறது. மதம் மாறியதால் ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்று சொல்பவர், ஞானஸ்நானச் சான்றிதழோடும் போதகரின் கடிதத்தோடும் அங்கே போவார். கடதாசி போதாது, உண்மையாக நம்புகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதற்காக வேதாகமத்திலிருந்து கேள்வி கேட்பதும் நடந்திருக்கிறது. வினாடிவினா வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள் என்ற பொருளில் சமஷ்டி நீதிமன்றம் கண்டித்த தீர்ப்புகளும் உண்டு. ஒரு மனிதரின் உயிர் இந்தக் கேள்வியில் தொங்கும்போது, கேட்பவருக்கும் வேறு வழி இலகுவில் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கியம் வாசிக்கும் எங்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நாங்கள் ஏன் அந்த மேசையில் போய் இருக்கிறோம்?

சைவப் பக்கமும் அத்தாட்சி கேட்டதுதான். செமினரியில் படித்துக் கிறிஸ்தவராகிச் சைவத்தைக் கண்டித்த கரோல் விசுவநாதபிள்ளை, பின்னர் திரும்பியபோது சிதம்பரம் போய்ப் பொன்னூசி காய்ச்சித் தன் நாவிலே சுடுவித்துக்கொண்டார் என்றொரு கதை வழங்குகிறது. தண்ணீருக்குப் பதில் நெருப்பு.

அவரோடு 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியானவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சைவரானவர். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். அவருடைய மகன் அழகசுந்தரம் மறுவழியில் நடந்து கிறிஸ்தவப் போதகரானார்: பிரான்சிஸ் கிங்ஸ்பெரி. தகப்பனைச் சைவ வரலாறும் மகனைக் கிறிஸ்தவ வரலாறும் எடுத்துக்கொண்டன என்று சொல்லி முடித்திருக்கலாம், அந்த மகன் 1921இல் ஜி.ஈ. பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து தேவார, திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திராவிட்டால். அவர் ஒளிந்திருந்த சைவரா, சைவத்தை ஆராய்ந்த கிறிஸ்தவரா என்று கேட்கத் தொடங்கினால் நாங்களும் தோம்புக்காரர்தான்.

அந்தத் தொகுப்பில் அப்பரும் இருக்கிறார். சமணத்தில் தருமசேனராக இருந்து, சூலைநோய் தீர்ந்ததால் சைவத்துக்கு வந்தவர் என்பது அவருடைய கதை. வயிற்றுவலிக்கு மதம் மாறினார் என்று அவரை யாரும் இளக்காரமாகச் சொன்னதை நான் கேட்டதில்லை. ஏனென்றால் பாட்டு இருக்கிறது. அதைப் பாடிப் பார்க்கிறோம், திகதி பார்ப்பதில்லை. அதே அப்பரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன போதகருக்கும், கம்பனின் மொழியில் பனியனைச் சொல்ல முயன்ற கிருஷ்ணபிள்ளைக்கும் அந்தச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை. கிருஷ்ணபிள்ளையைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால் முதல் பந்தியிலேயே அவர் வைணவர் என்பதும் 1858இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பதும் வந்துவிடும். செய்யுளைத் தேடி இன்னும் சில பக்கங்கள் புரட்ட வேண்டியிருக்கிறது.