டார்ச்சை அணைங்க, தயவுசெய்து!

பரம்பிக்குளம் போய் வந்ததிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஒரகடம் வரும்வரை மின்மினிப் பூச்சியைத் தவிர வேறு பேச்சே இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்துபோய்விட்டது. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற அண்ணனிடம்கூட ஆரம்பித்தேன், அவர் கரண்டியை ஓங்கினார். ஓங்கட்டும். ரெண்டு பிள்ளை பெற்று, குவாலிட்டி செக்கிங்கில் நின்று நின்று தலை நரைத்த ஒரு மனுஷன், நட்டநடுக் காட்டில் வாயைப் பிளந்துகொண்டு “ஐயோ, ஐயோ, பாருடி, பாருடி” என்று குதித்திருக்கிறான் என்றால் அதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? உங்களுக்கும் சொல்லித்தான் தீருவேன், எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கள் மண்ணூரில் இருட்டு என்ற ஒன்றே கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் தாண்டுகிறவரை கம்பெனி காம்பவுண்டு லைட்டு, ஹைமாஸ்ட்டு, கன்டெய்னர் லாரிகளின் ஹெட்லைட்டு என்று எல்லாம் சேர்ந்து ராத்திரி வானத்தையே மங்கின ஆரஞ்சாக்கி வைத்திருக்கும். மூன்று ஷிப்ட்டு ஓடுகிற ஊர், அந்த வெளிச்சம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறாவது படிக்கிற என் மகன் ஒருநாள் “மின்மினிப் பூச்சின்னா நிஜமாவே இருக்காப்பா, இல்ல கார்ட்டூனா?” என்று கேட்டான் பாருங்கள், எனக்குச் சுருக்கென்றது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஏரிக்கரை ஓரம் நாலைந்து பறக்கும், பிடித்துத் தீப்பெட்டியில் அடைப்போம். இவன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சித்திரை பிறக்கிற வாரம் லீவு சேர்ந்தாற்போல வந்தது, “கிளம்புங்கடா” என்றேன். ஊட்டியா, கொடைக்கானலா என்று கேட்டாள் மனைவி. ரெண்டும் இல்லை, காட்டுக்குள்ளே டென்ட்டு என்றேன். என் அம்மா, பிள்ளைகளுக்கு ஆயா, வெற்றிலையை மென்றுகொண்டே “டென்ட்டுன்னா இன்னாடா, சர்க்கஸா?” என்றாள்.

இந்தப் பரம்பிக்குளம் இருக்கிறதே, அதன் இருப்பிடமே ஒரு வேடிக்கை. காடு கேரளாவுடையது, பாலக்காடு மாவட்டம், 643 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிற புலிகள் காப்பகம், 2010இல் அறிவித்தது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டு வழியாகத்தான் போக முடியும், பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் குறுக்கே கடந்துதான் அந்தக் காட்டின் வாசலையே பார்க்கலாம். உள்ளே போனால் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று மூன்று அணை, அதுவும் கேரள மண்ணில் நிற்கிறது, பார்த்துக்கொள்கிறது தமிழ்நாடு. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து வயலுக்குப் பாய்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத் (பிஏபி) தண்ணீரில் பெரும்பங்கு இங்கிருந்து போவதுதான். ரெண்டு மாநிலம் ஒரே காட்டில் இப்படிப் பின்னிக் கிடக்கிறதே என்று நான் வண்டியில் ஒரு லெக்சரே அடித்தேன், பின்சீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரியே கிளம்பி ஒரகடம், சிங்கப்பெருமாள்கோயில், விழுப்புரம், சேலம் என்று விட்டடித்ததை விவரிக்கப் போவதில்லை, ஹைவேயில் என்ன இருக்கிறது. சேத்துமடை செக்போஸ்ட்டிலிருந்துதான் கதை ஆரம்பம். வண்டியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். மலை ஏற ஏற ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். அடடா! முதல்நாள் கோடை மழை பெய்திருக்க வேண்டும். ஈர மண் வாசனை, மக்கின தேக்கிலை வாசனை, எங்கேயோ பழுத்து விழுந்த காட்டுப் பலா வாசனை, மூன்றும் கலந்து முகத்தில் அறைந்தது. நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டேன். ஆயா மூக்குப்பொடி டப்பாவை எடுத்தவள் அப்படியே மடியில் கட்டிக்கொண்டாள், தேவைப்படவில்லை. டாப்சிலிப்பில் காட்டுப்பன்றிகள் நம் ஊர்த் தெருநாய்களைவிடச் சாதுவாகப் புல்வெளியில் மேய்கின்றன, அதுக்கே என் மகள் நூறு போட்டோ எடுத்துவிட்டாள்.

டென்ட்டு ஆனப்பாடியில். கேரள வனத்துறையே போட்டு வைத்திருப்பது, முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே கட்டில், மெத்தை, பின்பக்கம் பாத்ரூம், எல்லாம் உண்டு. கேம்பிங் என்றால் முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டாமா என்று வீராப்புப் பேசிய என் மச்சான்தான் கட்டிலைப் பார்த்ததும் முதல் ஆளாக விழுந்தான். நான் துணிக் கதவின் ஜிப்பை மேலே இழுத்தேன், வெளியே, இதோ இங்கிருந்து அந்தச் சுவர் இருக்கும் தூரம், அவ்வளவுதான், ஒரு புள்ளிமான் கூட்டம்! ஒன்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது, ஈரமான கறுத்த மூக்கு, காதோரம் ஒரு உண்ணி ஒட்டியிருந்தது, அதுவரை தெரிகிறது, மென்றுகொண்டிருந்த புல் வாயின் ரெண்டு பக்கமும் தொங்க, நான் ஒன்றும் பொருட்டே இல்லை என்று மறுபடி குனிந்துகொண்டது. எனக்குக் கை நடுங்கியது. ஜிப்பை மூடினேன், திறந்தேன், மூடினேன், திறந்தேன். “ஜிப்பு பிஞ்சிடும்ங்க, விடுங்க” என்றாள் மனைவி.

சாயங்காலம் எங்களோடு அனுப்பிய கைடு அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், மலசர் சமூகத்துக்காரர். மெல்லிய உடம்பு, செருப்பு இல்லாத கால், தமிழும் மலையாளமும் பாதிப் பாதி கலந்த பேச்சு. அவர் காட்டிய கன்னிமாரா தேக்கை நீங்கள் பார்க்க வேண்டும், கட்டாயம் பார்க்க வேண்டும். வயது நானூற்றைம்பதுக்குப் பக்கம் என்கிறார்கள், அடிமரத்துச் சுற்றளவே கிட்டத்தட்ட 7 மீட்டர். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டது, அதனால் விட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து சாமியாகக் கும்பிடுகிறோம் என்றார். நான், மனைவி, மச்சான், பிள்ளைகள் ரெண்டு பேர், எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு மரத்தைக் கட்டிப் பிடித்தோம், அப்படியும் ஒரு முழம் பாக்கி. ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து அந்த இடைவெளியை அடைத்தாள். கன்னத்தை மரப்பட்டையில் வைத்தபடி நின்றேன், பட்டையில் வெயில் சூடு இன்னும் ஆறவில்லை. சிவாஜி மகாராஜா பிறப்பதற்கு முன்பே முளைத்த மரம் ஐயா இது!

இதெல்லாம் டிபன்தான், சாப்பாடு இனிமேல்தான்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கைடு வந்தார். “சார், எல்லா லைட்டும் அணைச்சிடுங்க. போனும் வேண்டாம். டென்ட்டு முன்னாலயே நில்லுங்க, அப்பால போகக் கூடாது.” அணைத்தோம். இப்போது நீங்களும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடிவிட்டீர்களா? அந்த இருட்டைவிட இது இருட்டு. என் கையை என் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன், தெரியவில்லை. எங்கேயோ கடமான் ஒன்று ‘டாங்க்’ என்று கத்தியது, மகள் என் சட்டையைப் பிடித்தாள், சில்வண்டு சத்தம் காதை அடைத்தது, இலையிலிருந்து பழைய மழைத் தண்ணி சொட்டுச் சொட்டாக விழுந்தது, மச்சான் “ஒண்ணும் காணோமே மாமா” என்று வாயெடுத்தான், அந்த நிமிஷம் எதிரே ஒரு மரத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பொட்டு. அணைந்தது. ரெண்டு பொட்டு. அணைந்தது. பத்து, இருபது, அப்புறம் என் சாமி, நான் எப்படிச் சொல்வேன், அந்த மரம் முழுக்க, உச்சிக் கிளையிலிருந்து அடிவரைக்கும், ஆயிரம் ஆயிரமாக ஒரே நேரத்தில் பளிச், ஒரே நேரத்தில் அணைப்பு, மறுபடி பளிச், யாரோ எங்கேயோ சுவிட்சைப் போட்டுப் போட்டு எடுக்கிறார்கள், அந்த மரத்தைப் பார்த்துப் பக்கத்து மரம் பிடித்துக்கொள்கிறது, அதைப் பார்த்து அடுத்தது, வெளிச்சம் அலையாகக் கிளம்பி காட்டுக்குள்ளே ஓடி ஓடிப் போகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, திரும்பி வருகிறது, மரத்தின் உருவமே அந்த ஒரு நொடியில்தான் தெரிகிறது, அப்புறம் கும்மிருட்டு, அப்புறம் மறுபடி காடே நெஞ்சு முன்னால் எழுந்து நிற்கிறது! நான் கத்தினேன். வெட்கமே இல்லாமல் கத்தினேன். குதித்தேன், மச்சான் காலை மிதித்தேன், அவன் வலித்ததுகூடத் தெரியாமல் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தான். மகன் சத்தமே இல்லை, தொட்டுப் பார்த்தேன், கன்னம் ஈரமாக இருந்தது, “ஏன்டா அழற?” என்றால் “தெரிலப்பா” என்கிறான், அவ்வளவுதான், எனக்கும் உடைந்துவிட்டது. ஆயா மட்டும் நிதானமாகச் சொன்னாள்: “ஆடி மாசம் நம்ம அம்மன் கோயிலுக்கு சீரியல் செட்டு போடறானே, அவன் இங்க வந்துதான்டா கத்துக்கினு போயிருப்பான்.”

தூங்க மனசே இல்லை. கைடிடம் கேள்வி மேல் கேள்வி, அப்புறம் வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தது வேறு, இப்போது பாதி நிபுணர் நான். மின்னுவதில் பெரும்பாலும் ஆண்கள், பறந்தும் கிளையில் இருந்தும் சைகை காட்டுகின்றன, பெண்கள் பொறுமையாகத் தாழ்ந்த இலையில் உட்கார்ந்து பிடித்தவனுக்கு மட்டும் பதில் மின்னுகின்றன. மின்மினியின் வயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள், அதை லூசிஃபெரேஸ் என்ற நொதி ஆக்சிஜனோடு சேர்க்க, வெளிச்சம் வருகிறது, சூடு அநேகமாகக் கிடையாது. எங்கள் லைனில் ஒரு பல்ப்பு எரிந்தால் பக்கத்தில் கை வைக்க முடியாது, இந்தத் துக்கடாப் பூச்சி என்ன வேலை செய்கிறது பாருங்கள்! புழுவாக இருக்கும்போது ஈர மண்ணில் நத்தையைத் தின்று வளர்ந்து, றெக்கை முளைத்த பிறகு சில வாரம்தான் வாழ்க்கை. அதனால்தான் கோடை மழை விழுந்த காடு வேண்டும், அதனால்தான் ஏப்ரல், மே. ஒரே தாளத்தில் மின்னுகிற இந்த வகையைப் பார்க்க அமெரிக்காவில் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் குலுக்கல் வைத்து ஆள் விடுகிறார்களாம், மலேசியாவில் கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் படகில் வைத்துக் காட்டுகிறார்கள். நமக்கு ஆனைமலையில் கிடக்கிறது! 2022 ஏப்ரலில் டாப்சிலிப் பக்கம் உலாந்தி வனச்சரகத்தில் இதே மின்மினிகளை ஆராய்ந்த குழு எங்கிருந்து போனது தெரியுமா? வண்டலூரில் இருக்கிற உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்தால் வண்டலூர் எவ்வளவு தூரம்? இத்தனை வருஷம் அந்தப் பக்கமாகத்தானே போய் வந்தேன், யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா! வெளிச்சம் பட்டால் இந்தப் பூச்சிகளுக்கு ஒன்றையொன்று பார்க்கவே முடியாமல் போய்விடும், ஜோடி சேராது, வம்சமே சுருங்கிவிடும். எங்கள் ஏரிக்கரையில் ஏன் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுநாள் மூங்கில் தெப்பத்தில் பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தைச் சுற்றினோம், கரையில் முதலை வெயில் காய்ந்தது, ஆயா அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள். திரும்பும் வழியில் டாப்சிலிப்பிலிருந்து வேனில் கோழிகமுத்தி யானை முகாம். அங்கேதான் கலீம்! காட்டு யானைகளைப் பிடிக்கிற, விரட்டுகிற 99 ஆபரேஷனில் வேலை பார்த்துவிட்டு 2023 மார்ச்சில் ஓய்வு பெற்ற கும்கி, வனத்துறையினர் வரிசையில் நின்று சல்யூட் அடித்து அனுப்பினார்களே, அதே கலீம். அந்த முகாமில் நின்றுகொண்டு என் மகனோடு சேர்ந்து நானும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன், பின்னால் ஒரு கல்லூரிப் பெண்கள் கூட்டம் சிரித்தது, சிரித்தால் என்ன. வெட்டி வெட்டி மொட்டையாகிக் கிடந்த மலையில் தேக்கை மீண்டும் வளர்த்த ஹியூகோ வுட் துரையின் கல்லறையும் டாப்சிலிப்பில்தான், அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே. மனைவி பூ வைத்தாள்.

குறை ஏதாவது இருக்குமே என்பீர்கள். போனுக்கு டவர் சரியாகக் கிடைக்கவில்லை, மச்சானை அட்டை கடித்தது, சாம்பாரில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாசனை. அதற்கு மேல் கேட்டால் சண்டைக்கு வருவேன்.

போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரையில் போங்கள், அமாவாசையை ஒட்டிப் போனால் இன்னும் விசேஷம். சேத்துமடையைச் சாயங்காலத்துக்கு வெகு முன்பே பிடித்துவிடுங்கள், இருட்டின பிறகு கேட்டைத் திறக்க மாட்டார்கள். சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள். டார்ச்சு கண்டிப்பாக வேண்டுமென்றால் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிக்கொள்ளுங்கள், மின்மினி பக்கம் அதையும் அடிக்காதீர்கள். வயசானவர்களை விட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், எங்கள் கூட்டத்தில் அதிகம் அனுபவித்தது ஆயாதான். எங்கள் செக் ஷனில் நாலு குடும்பம் அடுத்த சித்திரைக்கு வேன் பேசியாகிவிட்டது, வழி காட்ட நான் வருகிறேன் என்று நானாகவே போய்ச் சொல்லிவிட்டேன். வா, ஆனால் வேனில் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறார்கள். சேலம்வரை தாக்குப்பிடிப்பேன். அதற்கு அப்புறம் என் பொறுப்பில்லை.